ஏட்டுச் சுரைக்காய்

ஒரு தேசத்து ஜனங்கள் சுகமாக வாழ்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "மொத்த உற்பத்தியை ஜனத்தொகையால் வகுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்" என்கிறார்கள் சிலர். அப்படி வகுத்தால், இன்று அயர்லாந்துக்காரர் தலைக்கு விழுகிற பங்கு, பிரிட்டிஷ்காரருக்கு விழுவதைப் போல் சுமார் இரண்டு மடங்கு! நூற்றாண்டுக் கணக்கில் அடிமைப்பட்டிருந்த தேசம், ஆண்ட தேசத்தை மிஞ்சிவிட்டது என்று கேட்டால், அதே யஜமானரிடம் காலம் தள்ளிய நமக்குச் சந்தோஷம் உண்டாவது இயற்கைதானே?

சந்தோஷப்பட நியாயமும் இருக்கிறது. 1845-ம் வருஷம் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதே சமயத்தில் அந்நாட்டுத் தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது! உயிர் தப்பியவர்களில் லட்சக்கணக்கானவர் கடல் கடந்து போனார்கள். 1922-ல் சுதந்திர அரசு ஏற்பட்ட பிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. இன்றைய குடியரசின் எல்லைக்குள் 1841-ல் 65 லட்சமாக இருந்த ஜனத்தொகை, 1961-ல் 28 லட்சமாகச் சுருங்கிற்று.

பிறகு காலம் திரும்பியது. 1967-ல் உயர்தரப் பள்ளிப் படிப்பு இலவசமாயிற்று. 1973-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் அயர்லாந்து சேர்ந்தது. படித்த பிள்ளைகளையும் குறைந்த வரியையும் நாடி அமெரிக்கக் கம்பெனிகள் வந்தன. போனவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். 2022-ல் எடுத்த கணக்கில் ஜனத்தொகை 51 லட்சத்தைத் தாண்டிற்று. சராசரி ஆயுளும் பிரிட்டனைவிட ஒரு வருஷமாவது கூடுதல்.

ஆனால், அந்த "இரண்டு மடங்கு" இருக்கிறதே, அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2015-ல் அயர்லாந்தின் உற்பத்தி நூற்றுக்கு 26 வீதம் பெருகியதாக மறு வருஷம் கணக்கு வெளியாயிற்று. அந்நியக் கம்பெனிகள் தங்கள் சொத்துரிமைகளை அயர்லாந்து விலாசத்துக்கு மாற்றிக்கொண்டதே அதற்கு முக்கிய காரணம். அந்நாட்டுப் புள்ளிவிவர இலாகாவே பிற்பாடு இந்த மாதிரித் தொகைகளைக் கழித்து வேறொரு கணக்கை வெளியிட ஆரம்பித்தது. அதன்படி பார்த்தால், ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மறைந்துபோகிறது!

சரி, ஏட்டை மூடிவிட்டு வீட்டுக்குள் நுழைவோம். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். பிரிட்டனில் 1948 ஜூலை முதல் வைத்தியரைப் பார்க்கக் காசு வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வரிசை மட்டும் மிக நீளம். அயர்லாந்திலோ, வருமானம் குறைந்தவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும்தான் இலவசம். மற்றவர்கள் ஒவ்வொரு தடவையும் சுமார் 50 யூரோ எடுத்து வைக்க வேண்டும். தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் இலவச வைத்தியம் அளிக்க மந்திரி நோயல் பிரவுன் அப்போதே முயன்றார். பாதிரிமார்களும் வைத்தியர்களும் எதிர்த்தார்கள். 1951-ல் அவர் ராஜினாமாச் செய்தார். இதைத் தடுத்தவர்கள் ஆங்கிலேயர் அல்ல.

வீடு என்றேன், அதுவே பலருக்கு இல்லை. 2008-ல் பாங்குகள் நொடித்தபோது வீடு கட்டும் தொழில் படுத்தது. பிற்பாடு உத்தியோகங்கள் பெருகின. வீடுகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. பிரிட்டனிலும் வீட்டுப் பஞ்சம் உண்டு என்றாலும், டப்ளின் நகரத்துக் குடக்கூலி பிரசித்தி பெற்றது. 2025-ல் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்தவர்கள் 15,000-க்கு மேல்; அவர்களில் ஆயிரக்கணக்கானவர் குழந்தைகள். படித்த வாலிபர்களில் பலர் மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படுகிறார்கள். அன்று பசி கப்பலேற்றியது. இன்று குடக்கூலி விமானமேற்றுகிறது.

சுதந்திரம் வீண் என்று இதற்கு அர்த்தமல்ல. பள்ளிக்கூடக் கதவைத் திறந்ததும், ஓடிய பிள்ளைகளைத் திருப்பி அழைத்ததும் அதுதான். ஆனால், விளைந்ததைப் பங்கிடும் வேலையைச் சுதந்திரம் தானாகச் செய்துவிடுவதில்லை. அதைச் செய்யாத வரையில் தலைக்கணக்கு எவ்வளவு பெரிதானாலும் ஏட்டுச் சுரைக்காய்தான், கறிக்கு உதவாது.