கேட்பதும் சோதிப்பதும்

நம் அங்கத்தினர் இல்லங்களில் கணினி பயிலும் பிள்ளைகள் பலர் உளர். ஷெல் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கும்போது அவர்கள் இடறும் இடம் ஒன்றுண்டு. இம்மாதம் அதனைக் காண்போம்.

ஷெல் ஸ்கிரிப்ட் என்பது கணினிக்கு இடும் கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதிவைப்பது. இடையில் பயனாளரிடம் விடை பெறுவதற்கு ‘ரீட்’ என்னும் கட்டளை உண்டு. தட்டச்சு செய்ததை அது வாங்கிக்கொள்ளும். தகுமா, தகாதா என ஆராயாது. ஆராய்வது ஸ்கிரிப்ட் எழுதுவோரின் கடமை.

ரயில் முன்பதிவுப் படிவத்தை நோக்குக. ஒரு படிவத்தில் 6 பயணிகளுக்கு மேல் எழுதலாகாது. இதனை ஸ்கிரிப்டில் கேட்பதானால், “எத்தனை பேர்?” என்பது போதாது, “எத்தனை பேர் (1 முதல் 6 வரை)?” என்றே கேட்டல் வேண்டும். எல்லையை அறிந்தவர் தவறுவது குறைவு. விடை வந்தபின் சோதனைகள் மூன்று: விடை வெறுமையா? இலக்கங்கள் மட்டும் உள்ளனவா? எல்லைக்குள் அமைந்ததா? ஒன்றில் தவறினும், காரணத்தைச் சொல்லி மீண்டும் கேட்க வேண்டும்.

மாதத்தைக் கேட்குமிடத்தில் ஒரு சிக்கல் உண்டு. பாஷ் என்னும் ஷெல், கணக்கிடும்போது, பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டின் அடிப்படையில் அமைந்த எண்ணாகக் கொள்ளும். அம்முறையில் 8, 9 என்னும் இலக்கங்களே இல்லை. ஆதலின் 07 வரை இடையூறில்லை. 08, 09 எனின் பிழை எழும். ஜூலை வரை செவ்வனே ஓடிய ஸ்கிரிப்ட் ஆகஸ்டில் நின்றுவிடும். முன்னிற்கும் பூஜ்யத்தை நீக்கிய பின்னரே கணக்கிடுக.

வெறுமையான விடையே யாவற்றினும் கொடிது. அழிக்க வேண்டிய கோப்புறையின் பெயர் வெறுமையாகி, அதன்பின் வரும் சாய்கோடு மட்டும் எஞ்சுமாயின், அழிக்கும் கட்டளை கணினியின் மூலக் கோப்புறையையே சுட்டும். ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் இத்தகைய குறை 2015 ஜனவரியில் வெளிப்பட்டது. பயனாளரின் சொந்தக் கோப்புகள் அழிந்தன. அங்கே வெறுமையாய் நின்றது பயனாளர் அளித்த விடையன்று. ஸ்கிரிப்ட் தானே கண்டறிய வேண்டிய பெயர். எனினும் பாடம் ஒன்றே. “அழிக்கலாமா?” என்று கேட்குமிடத்தில் வெறும் என்டர் விசையை இசைவாகக் கொள்ளற்க; “ஆம்” என எழுதினால் மட்டும் மேற்செல்க.

கணினி அறியாத பெற்றோரும் இதில் துணைபுரியலாம். பிள்ளை எழுதிய ஸ்கிரிப்டின் முன் அமர்ந்து, முதலில் என்டரை மட்டும் தட்டுக. பின் ஓர் எழுத்தையும், 7 என்னும் எண்ணையும் இட்டு நோக்குக. மூன்று முறையும் அது பொறுமையாக மீண்டும் கேட்குமாயின், பிள்ளை நன்கு எழுதியுள்ளது எனக் கொள்ளலாம்.