முதல் வேட்டைக்கு எவ்வளவு பெரிய கொம்பு வேண்டும்?



ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டம் ஓய்ந்து, அரக்கோணம் ஸ்டேஷனில் திருத்தணி ரயிலுக்கு முண்டியடிப்பது குறைந்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. இது கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் வகுப்பு எடுத்தால் எவ்வளவு நேரம் போகும் என்று உங்களுக்குத் தெரியாததா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கும் என் அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "அத்தை, குலுக்கல்ல எனக்கு லைசென்ஸ் விழுந்திருக்கு. அக்டோபர்ல அஞ்சு நாள் எல்க் வேட்டைக்குப் போறேன்" என்றான். கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் அழைத்துப் போகிறார்களாம். துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் தேர்ச்சி பெற்று, சான்றிதழும் வாங்கிவிட்டான். பிறகு ஒரு படம் அனுப்பினான். பனியில் கிடக்கும் ஒரு பெரிய மான், அதன் கொம்பைப் பிடித்தபடி ஓர் ஆள். கொம்பு அந்த ஆளை விட உயரம். "ஒரு பக்கத்துக்கு ஆறு கிளை இல்லன்னா சுடமாட்டேன் அத்தை. முந்நூத்தி அறுபது இஞ்ச்சாவது வேணும். இல்லன்னா வெறுங்கையோட வந்தாலும் பரவாயில்ல" என்றான்.

எங்கள் குடும்பக் குழுவில் அன்றே சண்டை மூண்டுவிட்டது. அண்ணி, "வள்ளியம்மா மான் வயித்துல பிறந்தவ, திருத்தணியானைக் கும்பிடுற குடும்பம் மானைச் சுடலாமா?" என்று அழுதார். அவனோ, "வள்ளியை வளர்த்தவரே வேடர்தானே, முருகனே வேடன் வேஷத்துலதானே வந்தார்" என்று பதில் போட்டான். இந்த வாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்தப் பொழுதுபோக்கு வேட்டை படிப்படியாக முடிந்தது, முடிந்தது நல்லது என்பது என் கட்சி. அங்கே அரசே எண்ணி லைசென்ஸ் கொடுக்கிறது, அவன் அந்த நாட்டுக் குடிமகன், சட்டப்படி போகிறான். என் கவலை அந்த முந்நூற்று அறுபதைப் பற்றியது.

முதலில் எல்க் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் கடமான் இருக்கிறதே, தென்மாவட்டங்களில் மிளா என்பார்கள், ஏறக்குறைய அந்த உயரம்தான். உறவு முறையில் காஷ்மீரில் இருக்கும் ஹங்குல் மான் அதற்கு இன்னும் நெருக்கம். வேடிக்கை என்னவென்றால், இலங்கையில் இருந்த வெள்ளைக்காரர்கள் நம் கடமானையே எல்க் என்றுதான் அழைத்தார்கள். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறி, நாய்களை விட்டுக் கடமானை விரட்டிக் கத்தியால் வேட்டையாடினார். அவர் எழுதிய புத்தகம் முழுக்க அதற்கு எல்க் என்றுதான் பெயர். நுவரெலியாப் பக்கத்தில் எல்க் பிளெய்ன்ஸ் என்ற இடப்பெயர் இன்றும் இருக்கிறது. ஆகவே எல்க் வேட்டை ஏதோ பனிநாட்டு விஷயம், நமக்கு அதில் என்ன தெரியும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்தக் கொம்பு அளக்கும் பைத்தியமும் நமக்குப் பழையதுதான். லண்டனில் விலங்குகளைப் பாடம் செய்து விற்ற ரோலண்ட் வார்டு என்பவர், எந்தக் காட்டில் யார் சுட்ட கொம்பு எத்தனை அங்குலம் என்று 1892இல் ஒரு புத்தகமே போட்டார். கடமானுக்கு 30 அங்குலத்தைத் தாண்டினாலே நல்ல கொம்பு, 40 அங்குலம் அபூர்வம். ஏட்டில் முதலிடத்தில் ஏறியவை 50 அங்குலத்தைத் தொட்டவை. அந்தப் புத்தகம் வருவதற்கு முன்பே நீலகிரிக்கு வந்த இளம் துரைமார்கள் எல்லாரும் பெரிய கொம்பைத் தேடி அலைந்திருப்பார்கள். கிடைத்தது என்ன? சுட்டுச் சுட்டு மலையில் மிருகம் குறைந்துபோய், 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் என்று ஒன்றை அவர்களே தொடங்கி, 1879இல் சட்டமும் கொண்டுவந்து, இன்ன மாதத்தில் சுடக் கூடாது, லைசென்ஸ் இல்லாமல் சுடக் கூடாது என்று கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. அந்தச் சங்கம்தான் பிற்காலத்தில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கமாக மாறியது. அதில் பொறுப்பு வகித்த ஈ.ஆர்.சி. தாவீதார் 1975இல் வரையாடுகளைக் கணக்கெடுத்தார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7ஆம் தேதியை நம் அரசு வரையாடு நாளாக வைத்திருக்கிறது.

பள்ளிச் சுற்றுலாவுக்கு ஊட்டி போனது சிலருக்கு நினைவிருக்கும். ஒரு பழைய பங்களாவின் கூடத்தில் சுவர் நிறையப் பாடம் செய்த தலைகள். நீங்கள் எல்லாம் வாயைப் பிளந்து நின்றீர்கள். நானும்தான். வெளியே வந்தபோது ஒரு பெண், "டீச்சர், அந்தக் காலத்துல எல்லா மானுக்கும் கொம்பு இவ்ளோ பெரிசா?" என்று கேட்டாள். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் இப்போதுதான் தோன்றுகிறது. சின்னக் கொம்பை யாரும் சுவரில் மாட்டுவதில்லை, கண்ணு. நம் ஹெட்மாஸ்டர் அறையில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் பெயரை மட்டும் பெயின்ட்டில் எழுதிய பலகை இருந்ததே, அதுபோலத்தான். அந்தப் பலகையைப் பார்த்து, இந்தப் பள்ளியில் படித்த எல்லாரும் முதல் மாணவர்கள் என்று யாராவது நினைப்பார்களா? என் அண்ணன் மகன் நினைத்திருக்கிறான். அவன் போனில் வந்த படங்கள் எல்லாம் அந்தப் பலகை.

அவன் சொன்ன முந்நூற்று அறுபது ஒரு கொம்பின் நீளம் அல்ல. இரண்டு நடுத்தண்டுகளின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், ஒவ்வொரு பக்கமும் நான்கு இடங்களில் சுற்றளவு, இரண்டு கொம்புக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் கூட்டி, இரு பக்கமும் ஒத்துப்போகாத வித்தியாசத்தைக் கழித்து வரும் எண். அமெரிக்காவில் 1887இல் தியடோர் ரூஸ்வெல்ட் முதலானவர்கள் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கத்தின் ஏட்டில் ஏற 360 வேண்டும், நிரந்தரப் பட்டியலுக்கு 375. அதாவது நாட்டிலேயே மிகப் பெரியவற்றுக்கான எண்ணை நம் பிள்ளை முதல் நாள் கணக்காக வைத்திருக்கிறான்.

கொம்பு எப்படி வளர்கிறது என்று பார்த்தாலே பாதி ஆசை அடங்கிவிடும். எல்க் ஆண் மான் ஒவ்வொரு வருடமும் பனிக்காலக் கடைசியில் கொம்பை உதிர்க்கிறது. ஆகஸ்டுக்குள் புதுக் கொம்பு முழுசாக வளர்ந்துவிடும். ஒரு வயதுக் குட்டிக்குக் கிளையில்லாத குச்சிக் கொம்பு. இரண்டு, மூன்று வயதில் மெல்லியதாக நான்கைந்து கிளை. ஆறு கிளை வந்தாலும் கனமும் நீளமும் சேர எட்டு, பத்து வயது ஆக வேண்டும். எல்லாரும் வேட்டையாடும் பொதுக் காட்டில் ஒரு மான் அந்த வயது வரை தப்பிப் பிழைப்பது எவ்வளவு கடினம்! அப்படித் தப்பியதும் சாமானிய மான் அல்ல. மனித வாடை பட்டாலே மலை தாண்டிப் போய்விடும். ஆக, கொம்பின் அளவை முடிவு செய்வது மானின் வயது, மேய்ச்சல், பரம்பரை. சுடுகிறவனின் கெட்டிக்காரத்தனம் அதில் ஓர் அங்குலத்தைக்கூடக் கூட்டாது.

கொலராடோவில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர், சுமாராக, எதுவும் கிடைக்காமல்தான் திரும்புகிறார்கள். பல வருடம் போய்வந்த பழகின கைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள். அப்படியிருக்க, ஐந்து நாள் லீவு போட்டு, பத்தாயிரம் அடி உயரத்தில் மூச்சு வாங்க நடக்கப் போகும் புது ஆளுக்கு என்ன எதிர்பார்ப்பு நியாயம்? சட்டம் அனுமதிக்கும் எந்த மானும் நல்ல மான்தான். அங்கே பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கம் நான்கு கிளையாவது, அல்லது 5 அங்குல நெற்றிக்கிளையாவது இருந்தால் சுடலாம். நான்கு, ஐந்து கிளை மான் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆறு கிளை, 280 கிடைத்தால் அந்த ஊர்க்காரர்களே எழுந்து நின்று பார்ப்பார்கள்.

இதற்கு அவன் ஒரு நல்ல பதில் வைத்திருந்தான். "சின்னதை விட்டாத்தானே அத்தை அது பெரிசாகும்?" உண்மைதான். ஆனால் குட்டிகளைக் காப்பாற்றத்தானே அந்த நான்கு கிளை விதி இருக்கிறது? எத்தனை லைசென்ஸ் என்று கணக்குப் பார்ப்பதும் அதற்குத்தான். சில இடங்களில் கூட்டம் பெருகாமல் இருக்கப் பெண் மானுக்கென்றே தனி லைசென்ஸ் தருகிறார்கள். அந்த வேலையை அரசு பார்த்துக்கொள்ளும். ஆறு கிளை என்று நீ பிடிவாதம் பிடிப்பது மானுக்காகவா, படத்துக்காகவா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

என் பயம் வேறு. பெரிசு, பெரிசு என்று மூன்று நாள் நல்ல வாய்ப்புகளை விட்டவன், ஐந்தாம் நாள் சாயங்காலம், வெளிச்சம் மங்கும் நேரத்தில், தூரத்தில் ஒரு பெரிய கொம்பு தெரிந்தால் என்ன செய்வான்? எட்டாத தூரத்தில் சுடுவான். குறி தவறிக் காயம்பட்ட மிருகம் இருட்டில் எங்கோ போய்ச் சாகும். வேட்டையில் பாவம் என்று ஒன்று இருந்தால் அதுதான் பாவம் என்று எனக்குப் படுகிறது. பக்கத்தில், பக்கவாட்டில், அசையாமல் நிற்கும் நான்கு கிளை மான் அந்தப் பாவத்தைத் தராது. இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் கொண்டுவருவது அங்கே குற்றம். எலும்பு நீக்கியும் நூறு கிலோவை ஒட்டி வரும், அதை முதுகில் சுமந்து இறங்க வேண்டும். கொம்பின் கிளையை எண்ணுவதற்கு முன்னால் அதை நினைத்துப் பார்க்கச் சொன்னேன்.

இவ்வளவு நான் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நீளம் தாண்டுவதில் கெட்டிக்காரன். எங்கள் பள்ளியிலிருந்து முதன்முறையாக வேலூரில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானவன். அவனை பஸ் ஏற்றும்போது, "கோப்பை இல்லாமல் திரும்பி வராதே" என்றேன். உற்சாகப்படுத்துவதாக எனக்கு நினைப்பு. அவன் அன்று, அதுவரை தாண்டாத தூரத்தைத் தாண்டினான். ஆனால் அங்கே அவனை விட இரண்டு வயது பெரிய பையன்கள் இருந்தார்கள். நான்காம் இடம். மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "கோப்பை இல்லியே டீச்சர்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னான். எவ்வளவு தூரம் தாண்டினாய் என்று நான் அன்றைக்குக் கேட்கக்கூட இல்லை. அப்புறம் அவன் மணல் குழிப் பக்கமே போகவில்லை.

இப்போது ரயில்வேயில் இருக்கிறான். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் அவனும் ஒருவன். தம்பி, எவ்வளவு தாண்டினாய் என்று இப்போதாவது சொல்.

அண்ணன் மகனிடம் இதைச் சொல்லவில்லை. அவனுக்கு எண்களை மட்டும்தான் சொன்னேன். எல்க் மானின் வாயில் யானைத் தந்தம் போல இரண்டு பல் உண்டு, வேட்டைக்காரர்கள் அதை எடுத்து வைத்துக்கொள்வார்களாம், அது எல்லா அளவு மானிலும் இருக்கும் என்றும் சொன்னேன். அதற்குச் சிரித்தான். நேற்று மறுபடி கூப்பிட்டான். ஆறிலிருந்து ஐந்து கிளைக்கு இறங்கியிருக்கிறான். அக்டோபருக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.