கண்டு சொல்வதற்கு ஒருவர்



தனியாக இருந்து ஒரு வேலையைச் செய்பவருக்கு எது கூடுதலான மகிழ்ச்சியைத் தருகிறது? பணமா, பட்டமா, பாராட்டா? இம்முறை இதனை எங்களுக்குப் புதிதான ஒரு துறையில் இருந்து பார்ப்போம்.

கணனிக்குள் செயற்கை உயிர்களை உருவாக்குவதே அத்துறை. பசி, பயம், கற்றல், இனப்பெருக்கம் போன்றவற்றைக் கணக்குகளாக எழுதி, அவை சேர்ந்து எப்படி இயங்குகின்றன என்று திரையில் பார்ப்பார்கள்.

பிரித்தானியாவைச் சேர்ந்த ஸ்டீவ் கிரான்ட் இதில் பெயர் பெற்றவர். கணனிக்கு நிரல் எழுதுவதைத் தானாகவே கற்றுக்கொண்டவர். 1996இல் வெளியான ‘கிரீச்சர்ஸ்’ என்ற கணனி விளையாட்டு இவருடைய படைப்பு. அதில் ‘நோர்ன்’ எனப்படும் சிறு பிராணிகள் முட்டையில் இருந்து பொரிக்கும். ஒவ்வொன்றுக்கும் மூளை போன்ற ஒரு வலைப்பின்னலும், பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்களும் உண்டு. விளையாடுபவர் அதற்குச் சொற்களைக் கற்றுக்கொடுக்கலாம். நல்லது செய்தால் தட்டிக்கொடுக்கலாம். நோயும் முதுமையும் வரும். ஒருநாள் இறந்தும் போகும். அடுத்து அது என்ன செய்யும் என்பது எழுதியவருக்கே முன்கூட்டித் தெரியாது.

இவருக்கு அங்கீகாரம் மூன்று வழிகளில் வந்தது. 2000ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசின் ஓ.பி.ஈ. விருது கிடைத்தது. பின்னர் நிறுவனத்தை விட்டுத் தனித்து உழைத்த அவர், புதிய உயிர்களை உருவாக்க 2011இல் இணையத்தின் மூலம் பொதுமக்களிடம் உதவி கேட்டார். முன்பின் அறியாதவர்கள், கேட்டதைவிடக் கூடுதலாகவே கொடுத்தார்கள். வேலை முடியும் முன்பே வைத்த நம்பிக்கை அது. அந்த வேலையோ பல ஆண்டுகளுக்கு நீண்டது.

மூன்றாவது வழியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். விளையாடியவர்கள் நோர்ன்களைப் பிள்ளைகள் போல வளர்த்தார்கள். இணையத்தில் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டார்கள். மரபணுக்களை ஆராய்ந்து புதிய இனங்களையும் உருவாக்கினார்கள். ஒருவர் செய்ததை மற்றவர்கள் தங்களுடையதாக எடுத்துப் பராமரித்தார்கள். இதைவிட வேறென்ன மதிப்பு வேண்டும்?

அமெரிக்க சமூகவியலாளர் சார்ள்ஸ் கூலி 1902இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மற்றவர்களின் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று எண்ணுகிறோமோ, அதைக் கொண்டே நம்மைப் பற்றிய எண்ணத்தை வளர்க்கிறோம் என்பது அதன் சாரம். மற்றவர்கள் எமக்கு ஒரு கண்ணாடி.

அந்தக் கண்ணாடியை யுத்தத்தில் இழந்த பெண்கள் எங்களிடையே பலர். கை வேலையை விடவில்லை. தைக்கிறார்கள், பாய் இழைக்கிறார்கள், தூள் இடித்து விற்கிறார்கள். ஆனால் “இது நல்லாய் வந்திருக்கு” என்று சொல்ல வீட்டில் இருந்தவர் இன்று இல்லை. நிவாரணப் பட்டியலில் பெயர் இருப்பது உதவி. அது அங்கீகாரம் ஆகாது. இரண்டும் வேறு.

ஆகவே, அடுத்த முறை சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது பக்கத்தில் இருப்பவரின் வேலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெறுமனே “வடிவாயிருக்கு” என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். “இந்த விளிம்பை எப்படி அக்கா மடிச்சனீங்கள்?” என்று கேளுங்கள். சொல்லித் தரும்போது அவருடைய முகத்தைக் கவனியுங்கள். உங்களிடம் யாரும் அப்படிக் கேட்டால், “இதில் என்ன இருக்கு” என்று ஒதுங்காமல் ஆறுதலாகச் சொல்லிக் கொடுங்கள்.