மண்ணும் ஓட்டுப் போடுமா?

"ஜனங்க மதத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுறாங்க" என்று ஹாஸ்டல் மெஸ்ஸில் யாராவது ஒருவர் தினம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். கேட்க எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நண்பர்களே, அந்தத் தீர்ப்பு செல்லாது என்பது என் கட்சி. சாட்சிக்கு அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தைக் கூப்பிடுகிறேன்.

அங்கே வெள்ளையரும் சரி, கறுப்பரும் சரி, பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். இரு பக்கமும் பாப்டிஸ்ட் சபைக்காரர்களே அதிகம். ஒரே பைபிள், ஒரே ஞாயிற்றுக்கிழமை. 2017 டிசம்பரில் அங்கே ஒரு செனட் இடைத்தேர்தல் வந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் ராய் மூர், நீதிமன்றக் கட்டடத்தில் வைத்த பத்துக் கட்டளைக் கல்லை எடுக்க மறுத்து, 2003-இல் தலைமை நீதிபதிப் பதவியையே இழந்தவர். பக்திக்கு இதைவிட சர்டிபிகேட் வேணுமா? பெண்கள் சிலர் அவர் மீது பாலியல் புகார் சொன்னார்கள், அவர் மறுத்தார். வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பின்படி, வெள்ளை இவாஞ்சலிக்கரில் சுமார் 80 சதம் அவருக்கே போட்டார்கள். கறுப்பரில் சுமார் 96 சதம் எதிர்த்து நின்ற டக் ஜோன்ஸுக்கு! 22,000-க்கும் குறைவான வித்தியாசத்தில் ஜோன்ஸ் ஜெயித்தார். மதம் ஒன்றுதானே, ஓட்டு ஏன் இரண்டாச்சு?

சிவில் பசங்க இதைக் கவனிக்கணும். அலபாமாவின் நடுவே பிறை போல ஒரு கரிசல் பூமி கிடக்கிறது. 'பிளாக் பெல்ட்' என்று பெயர். டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தது. கடல் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவத்தின் மேல் கறுப்புக் களிமண் உண்டானது. நம்ம கோவில்பட்டிக் கரிசல் மாதிரியே நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். பருத்திக்கு அருமையான மண். பருத்திக்காகத் தோட்டங்கள், தோட்டங்களுக்காக அடிமைகள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கேதான் அதிகம். தேர்தல் வரைபடத்தில் ஜனநாயகக் கட்சியின் நீல நிறமும் அதே பிறை வடிவில்தான் விழுகிறது. வடக்கே மேட்டு நிலமான வின்ஸ்டன் கவுண்டியில் பெரிய பருத்தித் தோட்டம் இல்லை, அடிமைகளும் சொற்பம். 1861-இல் மாநிலம் நாட்டை விட்டுப் பிரிந்தபோது அந்த ஊர்க்காரர்கள் முரண்டு பிடித்தார்கள்.

அப்படியானால் மண்தான் எல்லாமா? அதுவும் கிடையாது. அதே பிளாக் பெல்ட்டில் உள்ள லௌண்ட்ஸ் கவுண்டியில் ஜனத்தொகையில் அப்போது சுமார் 80 சதம் கறுப்பர். 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருத்தர்கூட இல்லை! எழுத்தறிவுத் தேர்வு என்று ஒரு வித்தை, மீறினால் அடி உதை. 1965 மார்ச் 7-இல் செல்மா பாலத்தில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே பட்டியல் நிரம்பத் தொடங்கியது.

எண்ணிக்கையில் கால்பங்குக்கு மேல் கறுப்பர்கள் இருந்தும், 7 காங்கிரஸ் தொகுதிகளில் ஒன்றில் மட்டும் அவர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி எல்லைக்கோடு போட்டிருந்தது மாநில சட்டசபை. 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4 என்ற கணக்கில் அதற்கு எதிராகச் சொன்னது. சட்டசபை மறுபடி வரைந்த கோடும் தேறவில்லை. நம்ம டிராயிங் சார் இரண்டு தடவை ஷீட்டைத் திருப்பிக் கொடுப்பாரே, அந்தக் கதைதான். கடைசியில் கோர்ட் நியமித்த நிபுணர் வரைந்த வரைபடத்தின்படி 2024 நவம்பரில் ஓட்டு நடந்தது. இரண்டாவது தொகுதியில் கறுப்பரான ஷொமாரி ஃபிகர்ஸ் ஜெயித்து வாஷிங்டன் போனார்.