விளக்கு எரிவதும் வண்டி இழுக்காததும்

கியூபெக், மினஸோட்டா, அலாஸ்கா முதலிய பனிப் பிரதேசங்களில் ஸ்நோமொபைல் என்னும் பனிவண்டியை வைத்திருப்பவர்கள், கோடை முழுவதும் கொட்டகையில் கிடந்த இருபது வருஷத்துப் பழைய வண்டியை முதற்பனி விழுந்ததும் வெளியே எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் சென்று முறையிடுவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் இருக்கும்: வண்டி முன்போல இழுக்கவில்லை, முகப்பில் சிவப்பு விளக்கு எரிகிறது. இவ்விரண்டையும் ஒரே கோளாறின் இரண்டு அறிகுறிகள் என்று அவர்கள் கொள்வதும், விளக்கை எப்படியாவது அணைத்துவிட்டால் வண்டி குணமாகிவிடும் என்று நம்புவதும், அந்த நம்பிக்கையைத் திருத்த வேண்டிய நிலையில் உள்ள விற்பனையாளர்களும் உற்பத்தியாளர்களும் வாளா இருப்பதும் எனக்குக் கவலை தருகின்றன. விளக்கு சொல்வது மிகச் சொற்பம். அது சொல்லாமல் விடும் அபாயங்களே பெரியவை. ஆகையால் கோளாறு இன்னதென்று கண்டறியும் வித்தையும் அதற்கு வேண்டிய விவரங்களும் வண்டியை ஓட்டுகிறவர் கையில் இருந்தாக வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இது மிகையான கவலை என்று தோன்றுமானால், இந்த வண்டி பிறந்த வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். கியூபெக் மாகாணத்து வால்கூர் என்னும் சிற்றூரில் மோட்டார் பட்டறை நடத்திவந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே, 1934ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில், வயிற்றில் சீழ் வைத்துத் துடித்த தம் இரண்டு வயது மகனை, பாதைகளெல்லாம் பனியால் மூடிக் கிடந்த காரணத்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வழியின்றிப் பறிகொடுத்தார். பனிமேல் செல்லும் வாகனம் ஒன்றைச் சமைப்பதற்கு இளமை முதலே முயன்றுவந்த அம்மனிதர், அந்தத் துக்கத்துக்குப் பிறகும் தளராமல் உழைத்து, பற்சக்கரமும் சுழலும் பட்டையும் சேர்ந்த தமது இழுவை அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். அவர் நிறுவிய கம்பெனியின் ‘ஸ்கி-டூ’ என்ற சிறிய பனிவண்டி 1959இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்து வருஷங்களுக்குள் வடதுருவப் பிரதேசத்து இனுயிட் வேட்டைக்காரர்களின் நாய்ச் சறுக்குவண்டிகளையும், பின்லாந்தில் கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் பழைய பயண முறைகளையும் இந்த யந்திரம் பெருமளவுக்கு ஒதுக்கித் தள்ளிவிட்ட வரலாற்றை, பெர்ட்டி பெல்ட்டோ என்ற மானிடவியலறிஞர் 1973இல் ஒரு நூலாகவே எழுதினார். நாய்களை நம்பிப் போனவனுக்கு அவற்றைப் பேணும் வித்தை தெரிந்திருந்தது. யந்திரத்தை நம்பிப் போகிறவனுக்கும் அதைப் பேணும் வித்தை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? உறைந்த ஏரியின் நடுவில், மைனஸ் 30 டிகிரிக் குளிரில், பொழுது சாயும் வேளையில் நின்றுபோகும் வண்டி உயிருக்கே உலை வைக்கும்.

எங்கோ ஓரிடத்தில் பொருத்தப்பட்ட சிறு உணர்கருவி, தனக்கு விதித்த எல்லை கடந்துபோயிற்று என்று அறிவிப்பதற்கு மேல் எச்சரிக்கை விளக்கு ஒன்றும் அறியாது. பழைய பனிவண்டிகளில் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் உடையவை. நம் ஊர் பெட்ரோல் பங்குகளில் மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் 2டி ஆயில் கலந்து ஊற்றிக்கொண்ட தலைமுறைக்கு அதன் இயல்பு நன்றாகத் தெரியும். காரில் ஆயில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வருவதால், அங்கே விளக்கு எரிந்தால் ஆயிலின் அழுத்தம் குறைந்தது என்று கொள்ளலாம். டூ-ஸ்ட்ரோக்கிலோ ஆயில் பெட்ரோலுடன் சேர்ந்து எரிந்து தீர்ந்துபோகிறது; தனித் தொட்டியிலிருந்து ஒரு சிறு பம்பு அதை அளந்து அனுப்புகிறது; விளக்கு காட்டுவதெல்லாம் தொட்டியில் ஆயில் தாழ்ந்துவிட்டது என்பதைத்தான். தொட்டிக்குள் இருக்கும் மிதவை பழசாகிச் சிக்கிக்கொண்டால், ஆயில் நிறைந்திருக்கும்போதே விளக்கு எரியும். தொட்டியும் நிறைந்து விளக்கும் அணைந்திருக்கும்போதே, பம்பை இயக்கும் கேபிள் தளர்ந்து, போதிய ஆயில் போய்ச் சேராமல் எஞ்சின் சீஸ் ஆகிவிடுவதும் உண்டு. முன்னதில் போகிற சொத்து ஒன்றுமில்லை. பின்னதில் எஞ்சினே போய்விடும், ஒரு விளக்கும் எரியாமல்.

வெப்ப விளக்கின் விஷயம் இன்னும் நுட்பமானது. திரவத்தால் குளிரும் பனிவண்டிகள் பலவற்றில், காரின் முன்புறம் இருப்பது போன்ற ரேடியேட்டர் கிடையாது. இருக்கைக்குக் கீழே, சுழலும் பட்டைக்கு மேற்புறத்தில், அலுமினியத் தகட்டோடு ஒன்றிய குழாய்களின் வழியாகக் கூலன்ட் ஓடுகிறது. பட்டை வாரி எறிகிற பனித்தூள் அந்தத் தகட்டில் மோதி உருகுவதனாலேயே கூலன்ட்டின் சூடு தணிகிறது. எனவே, காற்று பனித்தூள் முழுவதையும் அடித்துச் சென்றுவிட்ட வழவழப்பான ஏரிப் பனிக்கட்டியின் மேல் நெடுந்தூரம் ஓட்டினால், முகத்தில் அறையும் குளிர் மைனஸ் 25 டிகிரியாக இருந்தாலும் எஞ்சின் கொதித்து விளக்கு எரியும். யந்திரத்தில் அப்போது குறையேதும் இல்லை. வண்டியைக் கரையோரத்து மென்பனிக்குள் செலுத்தினால் சில நிமிஷங்களில் விளக்கு தானே அணைந்துவிடும். பனிக்கட்டியைச் சுரண்டித் தூளாக்கி மேலே எறியும் ஸ்க்ராச்சர் என்ற எஃகுக் கம்பிகளைப் பட்டையின் அருகே பொருத்திக்கொண்டால் அந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது. ஆழமான புதுப் பனியில் ஓடும்போதே அதே விளக்கு எரியுமானால்தான் தெர்மோஸ்டாட்டையும், கூலன்ட் பம்பையும், குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறதா என்பதையும் சந்தேகிக்க வேண்டும். ஒரே விளக்கு, ஒரே சிவப்பு. தரை மாறினால் பொருள் மாறுகிறது. இந்த வித்தியாசத்தை அறியும் புத்தி ஓட்டுகிறவரிடம்தான் உண்டு.

சற்றுப் பிற்கால வண்டிகள் சிலவற்றில், எஞ்சினுக்குள் எரிபொருள் அகாலமாக வெடித்துத் தட்டும் ஓசையை உணரும் கருவி ஒன்று உண்டு. மட்டமான பெட்ரோல் ஊற்றினால் அது விளக்கை எரியவிட்டு, தீப்பொறி விழும் நேரத்தையும் பின்தள்ளிச் சக்தியைக் குறைத்துவிடும். விளக்கும் சக்திக் குறைவும் உண்மையாகவே ஒரே காரணத்தில் சேரும் இடங்களில் இது ஒன்று.

வண்டி இழுக்கவில்லை என்பதற்கான காரணத்தைத் தேடுவதில் ஒரு கிரமம் இருக்கிறது. அந்தக் கிரமத்தைக் கைவிட்டுவிட்டு, கார்புரேட்டரை மாற்று, இக்னிஷன் பெட்டியை மாற்று என்று அனுமானத்தின் பேரில் பணத்தை இறைப்பதைப் போன்ற அநியாயம் வேறில்லை. முதலில் பார்க்க வேண்டியது, எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் மானி. பழைய பனிவண்டிகளின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்கள் பலவும் நிமிஷத்துக்கு 8,000 சுற்றுகளுக்குச் சமீபத்தில்தான் தம் முழுச் சக்தியைத் தருகின்றன. திராட்டிலை முழுவதும் அழுத்தியதும் முள் 8,000ஐத் தொட்டுவிட, வேகம் மட்டும் ஏறாவிட்டால், எஞ்சின் தன் கடமையைச் செய்கிறது, அதன் உழைப்பு பட்டைக்குப் போய்ச் சேரவில்லை என்பது பிரத்தியட்சம். கிளட்ச்சையும் பெல்ட்டையும் திறந்து பார்க்க வேண்டும். புதிதாக இருக்கையில் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் அகலமுள்ள ரப்பர் பெல்ட், 3 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டாலே கிளட்ச்சின் இரு தட்டுகளுக்கிடையே ஆழ இறங்கி வேகத்தைத் தின்றுவிடும். முள்ளே 6,500க்கு மேல் ஏற மறுத்தால் நோய் பெரும்பாலும் எஞ்சினில்; கிளட்ச்சின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் முள் இப்படித் தாழும் என்பதை மறந்துவிடக் கூடாது.

எஞ்சினிலும் எளியதிலிருந்தே தொடங்க வேண்டும். கோடையில் கொட்டகையில் கிடந்த வண்டியின் காற்றுப் பெட்டிக்குள் எலி குடியேறி, இருக்கையின் பஞ்சையும் காய்ந்த புல்லையும் திணித்துக் கூடு கட்டியிருப்பது அப்பிரதேசங்களில் அன்றாட விஷயம். காற்றே போகாத எஞ்சின் எப்படி இழுக்கும்? எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் தொட்டியில் நின்றால் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டு, கார்புரேட்டரில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையுடைய ஜெட்டைப் பிசின் பிடித்து அடைத்துவிடும். அதன் பிறகு இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முனையில் காப்பிப்பொடி நிறம் இருந்தால் எரிதல் சரியாக நடக்கிறது. ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்து கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. வெளுத்துப் போயிருந்தால் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது. இந்த வெளுப்பைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்ச வேண்டும். கிராங்க் தண்டின் சீல் தேய்ந்து காற்றை உள்ளே விட்டாலும், பெட்ரோல் குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும், கலவை மெலிந்து, உஷ்ணம் எல்லை மீறி, பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுந்துவிடும். அது நடந்து முடியும்வரை பழைய வண்டியின் முகப்பில் ஒரு விளக்கும் எரியாது.

கம்ப்ரஷன் மானியை வைத்துப் பரீட்சிப்பது அடுத்த படி. சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கினாலோ, இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் பேதம் இருந்தாலோ எஞ்சினைத் திறந்தே ஆக வேண்டும். புகைபோக்கி வாயிலில் அசையும் வால்வுகள் உள்ள எஞ்சின்களில், கரி பிடித்து அவை ஒட்டிக்கொண்டாலே உச்ச வேகத்துச் சக்தி போய்விடும். கழற்றித் துடைத்து மாட்ட அரைமணி போதும்.

கோளாறே இல்லாத சக்திக் குறைவும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறும்தோறும் எஞ்சின் ஏறத்தாழ மூன்று சதவீதம் சக்தியை இழக்கிறது. மினஸோட்டாச் சமவெளியில் பறந்த வண்டியை ராக்கி மலையில் 3,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, நோய் என்ன என்று கேட்பது வண்டிக்கு இழைக்கும் அநீதி. குளிரோ எதிர்த்திசையில் வேலை செய்கிறது: பூஜ்யத்திலிருந்து மைனஸ் 30க்கு இறங்கும்போது காற்றின் அடர்த்தி பன்னிரண்டு சதவீதம் போல் கூடிவிடுவதால், மிதமான குளிருக்கென்று வைத்த ஜெட் கடுங்குளிரில் எஞ்சினைப் பட்டினி போடும். அதற்கு இன்ன உஷ்ணத்துக்கு இன்ன ஜெட் என்ற அட்டவணையைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவற்றில் ஒன்றேனும் சாமானிய மனிதரின் சக்திக்கு அப்பாற்பட்டதல்ல. கம்ப்ரஷன் மானியும், பிளக் கழற்றும் ஸ்பேனரும், பொறுமையும் இருந்தால், வடக்கத்திய கிராமத்து வேட்டைக்காரரும் மரவெட்டியும் தம் வண்டியைத் தாமே பரிசோதித்துக்கொள்ளலாம். பல தலைமுறையாகச் செய்தும் வந்திருக்கிறார்கள். ஆனால் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. விளக்கு சிமிட்டுகிறது, ஒலிப்பான் கத்துகிறது, எஞ்சின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஊர்ந்து செல்கிறது. கையேட்டைப் புரட்டினால், கோளாறுக் குறியீடுகள் பலவற்றுக்கு நேரே, விற்பனையாளரை அணுகுக என்ற வாசகம் மட்டுமே இருக்கிறது. சாலையே இல்லாத ஊரிலிருப்பவர் எந்த விற்பனையாளரை அணுகுவது? பெட்டியைப் படிக்கும் கருவியும் மென்பொருளும் அவருக்குக் கிடைக்காதபோது, நல்ல வண்டி குப்பையாகிறது, அல்லது அவர் விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டிச் செல்லப் பழகிவிடுகிறார். இரண்டாவது பழக்கம் முதலாவது நஷ்டத்தைவிடக் கொடியது.

கியூபெக் சட்டசபை 2023இல் பொருள்களின் ஆயுளை வேண்டுமென்றே சுருக்கும் வழக்கத்தைத் தடுத்தும், பழுதுபார்ப்பதற்கான பாகங்களும் விவரங்களும் கிடைக்க வேண்டும் என்று வற்புறுத்தியும் சட்டம் இயற்றியிருக்கிறது. கனடாவின் பாராளுமன்றம் 2024இல், பழுதுபார்ப்பதன் பொருட்டு மின்னணுப் பூட்டுகளைத் திறப்பது குற்றமாகாதபடி பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. இரண்டையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் பூட்டைத் திறக்க அனுமதிப்பது வேறு, சாவியைக் கையில் கொடுப்பது வேறு. பழைய வண்டிகளின் குறியீட்டு அட்டவணைகளை முழுவதுமாக வெளியிடுவதால் உற்பத்தியாளர்களுக்கு வியாபார நஷ்டம் வரப்போவதில்லை. அந்த வண்டிகளை அவர்கள் விற்று முடித்து எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு விளக்கும் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது, எது எரிந்தால் அக்கணமே நிறுத்த வேண்டும், எது எரிந்தால் மெல்ல ஓட்டி வீடு சேரலாம் என்பதைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இனுயிட் மொழியான இனுக்டிடுட்டிலும் ஒரே தகட்டில் அச்சிட்டு, இனி விற்கும் வண்டிகளின் எஞ்சின் மூடிக்கு உட்புறத்தில் ஒட்டித் தரவேண்டும் என்று சட்டமே விதிக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு அதே தகட்டை, கேட்பவர்க்கெல்லாம் விலையின்றி அனுப்பிவைக்க வேண்டும்.