வெங்காயத் தடையும் சிப் தடையும்

2023 டிசம்பர்ல வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? டவுன்ல இருக்கிற உங்களுக்கு விலை இறங்கின நல்ல சேதி. எனக்கு, பட்டறையில வெங்காயத்தை வெச்சுக்கிட்டு வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டின மாசம். மார்ச் 31 வரைக்கும்தான்னாங்க. அப்புறம் நீட்டினாங்க. மே மாசம்தான் எடுத்தாங்க.

அமெரிக்காவின் சிப் ஏற்றுமதி மசோதாவைப் பற்றிப் படித்தபோது அந்தப் பட்டறைதான் கண் முன்னால் வந்தது. 'கெயின் ஏஐ' என்று பெயர். செயற்கை நுண்ணறிவுக்கான உயர்ரக சிப்களைச் சீனா போன்ற நாடுகளுக்கு விற்பதற்கு முன், உள்நாட்டில் கேட்பவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்கிறது. 2025 அக்டோபரில் செனட் நிறைவேற்றிய பாதுகாப்புத் துறை மசோதாவில் இதைச் சேர்த்திருந்தார்கள். டிசம்பரில் வந்த இறுதி வடிவத்தில் இல்லை. ஆனா இந்த யோசனை ஒரு தடவையோட போயிடாது.

'நம்ம ஆளுக்கு முதல்ல' என்பது கேட்க நியாயமாத்தான் இருக்கு. ராணுவத்துக்கு உதவுற சரக்கை எதிராளிக்குக் கொடுக்காதேங்கிறதும் புரியுது. என் கேள்வி வேற: கிடைக்காதவன் சும்மா இருப்பானா?

2023 ஜூலையில் நம் நாடு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை போட்டப்போ, வாங்கிட்டிருந்தவங்க கூடுதல் விலை கொடுத்து வியட்நாம், தாய்லாந்து பக்கம் போனாங்க. சிப்பிலும் அதே கதைதான். 2022 அக்டோபரில் உயர்ரக சிப்களையும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும் சீனாவுக்கு விற்க அமெரிக்கா கட்டுப்பாடு விதித்தது. 2023 ஆகஸ்டில் ஹுவாவே ஒரு போனை இறக்கியது. உள்ளே இருந்தது சீனாவிலேயே தயாரான 7 நானோமீட்டர் சிப். பக்கத்துக் காட்டுக்காரனுக்குத் தண்ணி விடலேன்னா, கடன் வாங்கியாவது கிணறு வெட்டுவான். வெட்டினதுக்கு அப்புறம் நம்ம தண்ணி அவனுக்கு எதுக்கு?

ஒரு வித்தியாசத்தையும் சொல்லணும். வெங்காயம் சில மாசத்துல விளைஞ்சிடும், சிப் அப்படியில்ல. மிக நுண்ணிய சிப்களை அச்சிடும் இயந்திரத்தை விற்பது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம். சீனாவுக்கு அதைக் கொடுக்கவில்லை. அதனால் இந்தக் கிணறு வெட்ட வருஷக்கணக்காகலாம். தடை வாங்கித் தருவது அந்த வருஷங்களைத்தான், வெற்றியை அல்ல.

நமக்கென்னன்னு இருக்கவும் முடியாது. 2025 ஜனவரியில் பைடன் அரசு கொண்டுவந்த விதியில், இந்தியாவும் அளவு கட்டி சிப் வாங்க வேண்டிய நாடுகளில் ஒன்று. மே மாதம் டிரம்ப் அரசு அதைக் கைவிட்டதால் தப்பித்தோம். நாளைக்கே இன்னொரு பட்டியல் வரலாம்.

தடையே கூடாதுன்னு சொல்லல. எந்தச் சரக்குக்கு, எதுக்காக, எத்தனை நாளைக்குன்னு முதல்லயே சொல்லிட்டு, சொன்ன தேதியில எடுக்கட்டும். விதைக்கிறவனுக்கும் சரி, சிப் செய்யறவனுக்கும் சரி, ராத்திரியோட ராத்திரியா வர்ற உத்தரவுதான் முதுகை ஒடிக்குது.