பிள்ளை அழுதால் அழட்டும்!

சாவு வரும் கதையைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாமா? கூடாது என்கிறார்கள் பெற்றோர் பலர். பிஞ்சு மனம் பயந்து போகுமாம்.

நாம் அப்படி நினைக்கவில்லை.

வங்காளத்தில் "பதேர் பாஞ்சாலி" என்று ஒரு நாவல் உண்டு. எழுதியவர் விபூதிபூஷண் பந்தோபாத்யாய. 1929-ல் புத்தகமாக வந்தது. சத்யஜித் ராய் அதை 1955-ல் படமாக எடுத்தார். உலகமே பாராட்டியது. தமிழிலும் நாவல் வந்திருக்கிறது. படம் பார்த்தவர்களும் படிக்கவேண்டும். சில முக்கியமான இடங்கள் நாவலில் வேறு மாதிரி இருக்கின்றன.

நிச்சிந்திபுரம் என்ற கிராமம். அங்கே ஹரிஹரர் ஓர் ஏழைப் புரோகிதர். மனைவி சர்வஜயா. மகள் துர்கா. மகன் அபு. வீட்டில் ஒரு கிழவியும் இருக்கிறாள்; தூரத்து உறவு. சர்வஜயா அவளை விரட்டுகிறாள். கிழவி அந்த வீட்டுக்கு வெளியே சாகிறாள். சர்வஜயா கெட்டவள் அல்ல. பானையில் அரிசி இல்லாதவள்!

துர்காவுக்கு ரயில் பார்க்க ஆசை. தம்பியோடு ஒருநாள் தேடிப் போகிறாள். ரயில் பாதை அகப்படவில்லை. பிறகு காய்ச்சலில் படுக்கிறாள். உடம்பு தேறியதும் ரயில் காட்டும்படி தம்பியிடம் கேட்கிறாள். தேறவில்லை. இறந்துவிடுகிறாள்.

தகப்பனார் அப்போது வெளியூரில் இருக்கிறார். அவருக்கு விவரம் தெரியாது. மகளுக்குப் புடவை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

அபு என்ன செய்தான்? அவனை யாரும் கவனிக்கவில்லை. சிறுபிள்ளைதானே என்று விட்டுவிட்டார்கள்.

குடும்பம் காசிக்குப் புறப்படுகிறது. சாமான் கட்டும்போது, அபுவின் கையில் ஒரு சின்னத் தங்கச் சிமிழ் கிடைக்கிறது. அடுத்த வீட்டில் காணாமல் போன சிமிழ் அது. துர்காதான் எடுத்தாள் என்று பழி வந்தது. அடியும் பட்டாள். பழி உண்மைதான் என்று இப்போது அபுவுக்குத் தெரிகிறது.

அவன் அம்மாவிடம் காட்டவில்லை. மூங்கில் புதருக்குள் வீசி எறிகிறான். அக்காளின் மானத்தைக் காப்பாற்றிவிட்டான்! யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல. அந்த இடத்தில்தான் அபு பெரியவனாகிறான். பிறகு ரயில் ஏறுகிறான். அக்காள் பார்க்காத ரயில்.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? சாவு நேர்ந்தால் பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறோம். "பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள்" என்கிறோம். பிள்ளை நாள் கணக்கில் வாசலையே பார்க்கிறது. பிறகு கேட்பதை நிறுத்திவிடுகிறது. மறந்துவிட்டது என்று நாம் நிம்மதி அடைகிறோம். மறக்கவில்லை. அபுவைப்போலத் தனியாகச் சுமக்கிறது.

இந்த நாவலை இரவில், சாப்பாடு ஆனபிறகு, தினம் கொஞ்சமாக உரக்கப் படியுங்கள். துர்கா சாகும் இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் குரல் தழுதழுத்தால், புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். மீதியை அவன் படிப்பான்.